மேல் மாடியில் ஒரு மிருகக்காட்சி சாலை

பீட்டர் முயலைப் படைத்த பீட்ரிக்ஸ் பாட்டரின் வாழ்க்கை

ஒரு முயல் குட்டி. அது நீல நிறச் சட்டை போட்டிருக்கிறது. தாய் சொல்லைக் கேளாமல் பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்து முள்ளங்கியைத் தின்கிறது. தோட்டக்காரர் துரத்துகிறார். சட்டையையும் செருப்பையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடித் தப்புகிறது.

இதுதான் பீட்டர் முயல் கதை. 1902-ம் ஆண்டில் கடைக்கு வந்த அந்தச் சின்னஞ்சிறு புத்தகம் இன்னும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. உலகத்தின் பல மொழிகளில் குழந்தைகள் அதைப் படிக்கிறார்கள்.

கதையை எழுதியவரும் படம் போட்டவரும் ஒருவரே. அவர் ஒரு பெண். பெயர் பீட்ரிக்ஸ் பாட்டர்.

அவர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படிக்கவில்லை. வீட்டில்தான் படிப்பு. ஆனால் அவருக்குப் பிராணிகளைப் பற்றித் தெரிந்திருந்த அளவு, பட்டம் பெற்ற பலருக்குத் தெரியாது. முயலையும் முள்ளெலியையும் வௌவாலையும் அவர் கையில் எடுத்து வைத்துப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

பணக்கார வீட்டுப் பெண்

1866-ம் ஆண்டு ஜுலை மாதம் 28-ந்தேதி லண்டன் நகரில் பீட்ரிக்ஸ் பிறந்தாள். தகப்பனார் ரூபர்ட் பாட்டர், வக்கீலுக்குப் படித்தவர். ஆனால் வக்கீல் தொழில் செய்து சம்பாதிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவர் குடும்பமும் மனைவியின் குடும்பமும் பருத்தித் துணித் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவை. போட்டோ பிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

பெரிய வீடு. வேலைக்காரர்கள், சமையல்காரி, தாதி எல்லாரும் உண்டு. குழந்தைக்கு மேல் மாடியில் தனி அறை. சாப்பாடு அங்கே வரும். பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையும் அங்கேயே வருவார். தாயும் தகப்பனும் கீழே இருப்பார்கள்.

தெருப் பிள்ளைகளோடு விளையாட அனுமதி கிடையாது. நோய் தொற்றிவிடும் என்று பயம். கெட்ட பழக்கம் வந்துவிடும் என்றும் பயம். ஐந்து வயதுக்கு மேல்தான் பீட்ரிக்சுக்கு ஒரு துணை கிடைத்தது. 1872-ம் ஆண்டு தம்பி பெர்ட்ரம் பிறந்தான்.

தம்பி வளர வளர, அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். வெளியே பிள்ளைகள் இல்லை என்றால் என்ன? பிராணிகளை உள்ளே கொண்டுவந்தார்கள்!

பையில் வந்த விருந்தாளிகள்

தவளை வந்தது. பல்லி வந்தது. நத்தை, ஆமை, சுண்டெலி, வௌவால், முள்ளெலி, முயல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பல்லியைப் போல உருவமும் தவளையைப் போல ஈரத் தோலும் உள்ள, நியூட் என்ற குளத்துப் பிராணியும் வந்தது. சில, கடையில் வாங்கியவை. சில, வயலிலும் வேலியோரத்திலும் பிடித்தவை. பெஞ்சமின் என்ற முயலைக் காகிதப் பையில் போட்டுப் பெற்றோருக்குத் தெரியாமல் மாடிக்குக் கொண்டுபோனார்கள்.

வேறு குழந்தைகளாக இருந்தால் நாலு நாள் விளையாடிவிட்டு மறந்திருப்பார்கள். இவர்கள் அப்படி இல்லை. எந்தப் பிராணி எதைத் தின்கிறது, எப்போது தூங்குகிறது, பயந்தால் என்ன செய்கிறது என்று கவனித்தார்கள். உடம்பை அளந்தார்கள். படம் வரைந்தார்கள்.

பீட்ரிக்ஸ் 1875-ம் ஆண்டில் வைத்திருந்த ஒரு படப் புத்தகம் இன்னும் இருக்கிறது. லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சி சாலையில் அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அப்போது அவளுக்கு வயது எட்டு, ஒன்பது இருக்கும். கம்பளிப்பூச்சிகளின் படம் போட்டு, அவற்றைப் பற்றிய குறிப்புகளையும் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்.

கோடைகாலம் வந்துவிட்டால் குடும்பம் முழுவதும் ரயில் ஏறி ஸ்காட்லாந்துக்குப் போகும். 1871-ம் ஆண்டு முதல் பதினோரு கோடைகாலங்கள் டல்கைஸ் என்ற ஊரில் பெரிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். ஆறு, காடு, புல்வெளி எல்லாம் அங்கே உண்டு. லண்டன் மாடி அறையில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளுக்கு அது சொர்க்கமாக இருந்தது.

அங்கே அவர்கள் செய்த இன்னொரு வேலையைக் கேட்டால் சிலருக்கு அருவருப்பாக இருக்கும். செத்துக் கிடக்கும் பிராணிகளை எடுத்து வருவார்கள். தோலை உரித்து, எலும்பு மட்டும் மிஞ்சும்வரை உடம்பை வேகவைப்பார்கள். பிறகு அந்த எலும்புகளை ஒன்றோடொன்று பொருத்தி முழு எலும்புக்கூடாக நிறுத்துவார்கள். ஒரு நரியின் எலும்புக்கூட்டைக்கூட இப்படிச் சேர்த்திருக்கிறார்கள்.

பீட்ரிக்ஸ் வரைந்த முயல், சட்டை போட்டுக்கொண்டு இரண்டு காலில் நின்றாலும் உண்மையான முயலாகவே தெரிகிறதே, அதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. தோலுக்குள்ளே எந்த எலும்பு எங்கே இருக்கிறது, எப்படி மடங்கும் என்பது அவளுக்கு அத்துபடி.

ரகசிய எழுத்து

தம்பிக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்தது. அவனை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெண் என்பதால் அக்கா வீட்டோடு நின்றாள். தம்பி தன் வௌவாலை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான்.

பதினான்கு, பதினைந்து வயதில் அவள் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினாள். தானே ஒரு ரகசிய எழுத்தை உண்டாக்கிக்கொண்டு, பொடிப்பொடியாக எழுதினாள். முப்பது வயதுவரை இந்தப் பழக்கம் நீடித்தது. அவள் என்ன எழுதினாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் காலமான பிறகும் பல ஆண்டுகள் அது புதிராகவே இருந்தது. லெஸ்லி லிண்டர் என்ற என்ஜினீயர் வருஷக்கணக்கில் முயன்று பார்த்தார். 1958-ம் ஆண்டு ஈஸ்டர் திருநாளுக்கு மறுநாள் ஒரு பக்கத்தில் 16 என்பதைக் குறிக்கும் ரோமன் எண்ணும், 1793 என்ற ஆண்டும் அவர் கண்ணில் பட்டன. பிரெஞ்சு மன்னர் 16-வது லூயி தலை வெட்டப்பட்ட ஆண்டு அது. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். நாட்குறிப்பு 1966-ல் புத்தகமாக வந்தது.

ரொட்டி கேட்ட முயல்

பெஞ்சமின் முயல் வீட்டில் ராஜாபோல் இருந்தது. வாரில் கட்டி அதை உலாவ அழைத்துப்போவார் பீட்ரிக்ஸ். வெண்ணெய் தடவிய சூடான ரொட்டி என்றால் அதற்கு உயிர். தேநீர் வேளையின் மணிச் சத்தம் கேட்டதும், கூப்பிடாமலே வரவேற்பு அறைக்கு ஓடிவந்துவிடும்.

1890-ம் ஆண்டில் பீட்ரிக்ஸ், இந்த முயலைப் பார்த்து வரைந்த படங்களைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வெளியிடும் கம்பெனி ஒன்று 6 பவுனுக்கு வாங்கிக்கொண்டது. அதுதான் படம் வரைந்து அவர் பெற்ற முதல் சம்பாத்தியம். சம்பாதித்துக் கொடுத்தவனுக்குப் பரிசு தர வேண்டாமா? ஒரு கிண்ணம் கஞ்சா விதையை முயலுக்கு வைத்தார். மறுநாள் காலை படம் வரையலாம் என்று போனால், முயல் போதையில் தள்ளாடிக்கொண்டிருந்தது!

பெஞ்சமினுக்குப் பிறகு வந்தது பீட்டர். நாலரை ஷில்லிங் கொடுத்து வாங்கிய முயல் அது. அந்தக் காலத்தில் ஒரு முயலுக்கு அது அதிக விலைதான். பீட்டர் வளையத்துக்குள் பாயும், மணி அடிக்கும், தம்புரீன் என்ற சிறு பறையைத் தட்டும். குளிர்காலத்தில் பூனையைப்போல் கணப்பின் முன்னால் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு வேடிக்கை. முயலை இங்கிலாந்தின் அடையாளம் போலவே எல்லாரும் நினைக்கிறார்கள். அது அந்த நாட்டின் பூர்வீகப் பிராணியே அல்ல. பல நூற்றாண்டுகளுக்கு முன் இறைச்சிக்கும் தோலுக்கும் வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்ததுதான் அங்கே பெருகிப் பரவியது. முள்ளெலியும் செந்நிற அணிலும் வௌவாலும்தான் அந்த மண்ணுக்கே உரியவை.

தபால்காரர் சொல்லிக்கொடுத்த பாடம்

பிராணிகளுக்கு அடுத்தபடி பீட்ரிக்சின் மனத்தைக் கவர்ந்தது காளான்.

ஸ்காட்லாந்தில் சார்லஸ் மக்கின்டாஷ் என்று ஒரு தபால்காரர் இருந்தார். மர அறுவை மில்லில் வேலை செய்தபோது விரல்களை இழந்தவர். தபால் பையைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தபோது, வழியில் கண்ட செடி, பாசி, காளான் எல்லாவற்றையும் அவர் ஆராய்ந்து வைத்திருந்தார். பெரிய பெரிய தாவர சாஸ்திரிகளே அவரிடம் விவரம் கேட்பார்கள்.

1892-ம் ஆண்டில் பீட்ரிக்ஸ் தாம் வரைந்த காளான் படங்களை அவரிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டுத் திருத்தம் சொன்னார். காளானை இரண்டாக வெட்டி உள்பக்கத்தையும் வரைய வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். குளிர்காலத்தில் அவர் தபாலில் காளான் அனுப்புவார். பீட்ரிக்ஸ் அதைப் பார்த்து வர்ணப் படம் வரைந்து அனுப்புவார். செல்வச் சீமானின் மகளுக்கு ஒரு தபால்காரர் குருவாக இருந்தார்.

காளானில் விதைபோல் நுண்ணிய தூள் உண்டாகும். அதிலிருந்து புதுக் காளான் எப்படி முளைக்கிறது? பீட்ரிக்ஸ் அந்தத் தூளை வீட்டிலேயே முளைக்கவைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துப் படம் வரைந்தார்.

அவருடைய அத்தையின் கணவரான சர் ஹென்றி ராஸ்கோ பெரிய ரசாயன விஞ்ஞானி. அவர் பீட்ரிக்சை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் அதிகாரிகளிடம் பேசினார். தோட்டத்தின் தலைமை அதிகாரி இந்தப் பெண்ணின் ஆராய்ச்சியை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஆயினும் பீட்ரிக்ஸ் விடவில்லை. கட்டுரை எழுதி முடித்தார்.

1897-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி லின்னேயன் சங்கம் என்ற விஞ்ஞானிகள் சபையில் அந்தக் கட்டுரை சமர்ப்பிக்கப்பட்டது. எழுதியவர் அங்கே இல்லை! பெண்கள் அந்தச் சபைக் கூட்டத்துக்கு வரக்கூடாது என்பது அன்றைய விதி. கியூ தோட்டத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மாசி என்பவர் அவருக்காகக் கட்டுரையைச் சமர்ப்பித்தார். அச்சிடுவதற்கு முன் இன்னும் வேலை தேவை என்று சொல்லப்பட்டது. பீட்ரிக்ஸ் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

நூறு ஆண்டு கழித்து, 1997-ல், அவரை நடத்திய விதம் சரியல்ல என்று சங்கம் ஒப்புக்கொண்டது. அதைக் கேட்க அவர் இல்லை. அவர் வரைந்த காளான் படங்கள் மட்டும் இருக்கின்றன. ஏரிப் பிரதேசத்திலுள்ள ஆம்பிள்சைடு என்ற ஊரின் பொருட்காட்சி சாலையில் அவை பத்திரமாக உள்ளன. ஒரு காளானை இனம் கண்டுபிடிக்க, படிப்பவர்கள் இன்றும் அவற்றைப் பார்க்கிறார்கள்.

நோய்ப் படுக்கையில் ஒரு சிறுவன்

பீட்ரிக்சுக்குக் கடைசியாகப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஆனி. அவர் மாணவியைவிட மூன்றே வயது மூத்தவர். 1885-ல் விவாகம் செய்துகொண்டு மூர் அம்மாள் ஆனார். அவருக்குக் குழந்தைகள் பல. தமக்குக் கிடைக்காத விளையாட்டுத் துணையெல்லாம் பீட்ரிக்சுக்கு அந்த வீட்டில் கிடைத்தது. சுண்டெலிகளைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போய்க் குழந்தைகள் நடுவே ஓடவிடுவார். ஊருக்குப் போனால் படம் போட்டுக் கடிதம் எழுதுவார்.

மூத்த பையன் நோயல். 1893-ம் ஆண்டில் அவனுக்கு வயது ஐந்து. நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்தான். ஸ்காட்லாந்துக்குப் போயிருந்த பீட்ரிக்ஸ் செப்டம்பர் 4-ந்தேதி அவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுத விஷயம் ஒன்றும் தோன்றவில்லை. எனவே நான்கு முயல் குட்டிகளைப் பற்றி ஒரு கதை சொன்னார். தம்முடைய முயலின் பெயரையே கதையில் சேட்டை செய்யும் குட்டிக்கு வைத்தார்.

மறுநாள் நோயலின் தம்பி எரிக்குக்கு ஒரு கடிதம் போயிற்று. அதில் மீன் பிடிக்கப் போகும் தவளையின் கதை இருந்தது.

குழந்தைகள் அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார்கள். சில வருஷங்களுக்குப் பிறகு, இவற்றைப் புத்தகமாகப் போடலாமே என்று மூர் அம்மாள் யோசனை சொன்னார். பீட்ரிக்ஸ் கடிதத்தைக் கடன் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார்.

ஆறு பிரசுரகர்த்தர்கள் வேண்டாம் என்றார்கள். பெரிய அளவில் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். குழந்தையின் கைக்கு அடக்கமாகச் சிறிதாக இருக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் பீட்ரிக்ஸ் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் 1901-ம் ஆண்டு டிசம்பரில் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டார். அவை விரைவில் தீர்ந்தன. மேலும் 200 பிரதிகள் போட்டார்.

பிரெடரிக் வார்ன் கம்பெனி பிறகு முன்வந்தது. 1902 அக்டோபரில் புத்தகம் வெளிவருமுன்பே 8 ஆயிரம் பிரதிகள் விற்றுப்போயின. ஆண்டு முடிவதற்குள் 28 ஆயிரம் பிரதிகள் அச்சிட வேண்டியதாயிற்று.

நிஜமான பீட்டர் முயல் இதையெல்லாம் பார்க்கவில்லை. ஒன்பது வயதுக் கிழமாகி, 1901 ஜனவரியிலேயே அது இறந்துவிட்டது.

கதைக்குள்ளே நிஜம்

பீட்ரிக்சின் கதைகள் பலவற்றில் நிஜப் பிராணிகள் உண்டு. அணில் கதைக்காக இரண்டு செந்நிற அணில்களை வாங்கினார். அவை ஓயாமல் சண்டை போட்டன. அழகாக இருந்த அணில்தான் அதிக முரடாகவும் இருந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, மற்றதைப் பார்த்து வரைந்தார்.

உறவினர் வீட்டுச் சமையலறையில் எலிப்பொறியில் சிக்கிய இரண்டு சுண்டெலிகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். அவைதான் ஹங்கா மங்காவும் டாம் தம்மும். 1904-ல் வந்த இரண்டு போக்கிரிச் சுண்டெலிகளின் கதை அவற்றைப் பற்றியது. பிறகு ஒருநாள் ஹங்கா மங்கா உயரத்தில் தொங்கும் கொத்துவிளக்கிலிருந்து விழுந்து, பீட்ரிக்சின் கையிலேயே உயிரை விட்டது.

டிக்கி விங்கிள் என்பது முள்ளெலி. சிறு கூடையில் வைத்து ரயிலில்கூட அதை அழைத்துப்போவார். மடியில் தூங்கவிட்டால் சாதுவாக இருக்கும். படம் வரைய நிற்கவைத்தால் அரை மணி நேரத்தில் கொட்டாவி விடும், பிறகு கடிக்கும். முள்ளெலி குளிர்காலத்தில் நீண்ட தூக்கம் தூங்கும். குளிர் அதிகமானால் தூங்கும் என்பதே எல்லாரும் சொல்வது. தூக்கம் முக்கியமாக அதன் இஷ்டத்தைப் பொறுத்தது, குளிர் அதற்கு அடுத்தபடிதான் என்பது, பக்கத்திலேயே வைத்துப் பார்த்த பீட்ரிக்சின் கருத்து.

கடைசியில் டிக்கி விங்கிள் நோயில் வாடியபோது, அது துன்பப்படுவதைப் பார்க்கச் சகியாமல் மயக்க மருந்து கொடுத்து அதன் உயிரைப் போக்கினார். லண்டன் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார். பிராணிகளிடம் அவர் அன்பு வைத்தது உண்மை. அந்த அன்பில் போலிப் பரிவு கிடையாது.

பீட்டர் முயலின் தகப்பன் என்ன ஆனான்? தோட்டக்காரர் வீட்டில் கறியாகிவிட்டான். கதையின் ஆரம்பத்திலேயே தாய் முயல் அதைக் குட்டிகளிடம் சொல்லிவிடுகிறது. குழந்தைகளிடம் இதை மறைக்க வேண்டும் என்று பீட்ரிக்ஸ் நினைக்கவில்லை. இன்னொன்றும் பாருங்கள். செருப்பு இரண்டும் கழன்றவுடன் பீட்டர் நாலு காலில் பாய்ந்து ஓடுகிறது. மனித வேஷம் கலைந்ததும் உண்மை முயல் வெளியே வந்துவிடுகிறது!

ஒரு மாத நிச்சயதார்த்தம்

வார்ன் கம்பெனியின் சகோதரர்களில் இளையவர் நார்மன். பீட்ரிக்சின் புத்தக வேலையெல்லாம் அவர் கையில் இருந்தது. தச்சு வேலையில் கெட்டிக்காரர். சுண்டெலிகள் ஓடியாடுவதைப் பார்த்து வரைய வசதியாகக் கண்ணாடி வைத்த பெட்டி செய்து கொடுத்தார். தம் அண்ணன் மகளுக்கு அவர் ஒரு பொம்மை வீடும் செய்திருந்தார். சுண்டெலிக் கதைக்கு அந்த வீட்டைப் பார்த்து வரைய வேண்டும். நார்மனின் உறவினர் வீட்டுக்குப் போகத் தாயார் விடவில்லை. அப்போது பீட்ரிக்சுக்கு வயது முப்பத்தேழு! பொம்மை வீட்டைப் போட்டோ பிடித்து நார்மன் அனுப்பினார். அதைப் பார்த்துத்தான் வரைந்தார்.

1905 ஜுலை 25-ந்தேதி பீட்ரிக்சை மணக்க விரும்புவதாக நார்மன் எழுதினார். வியாபாரக் குடும்பத்தில் பெண் கொடுப்பதா என்று பெற்றோர் எதிர்த்தார்கள். துணி வியாபாரத்தில் வந்த பணத்தில் வாழ்ந்தவர்கள் இப்படிச் சொன்னார்கள்! பீட்ரிக்ஸ் கேட்கவில்லை. மோதிரத்தை அணிந்துகொண்டார்.

ஒரு மாதம் சென்றது. ஆகஸ்டு 25-ந்தேதி, ரத்தப் புற்றுநோயால் நார்மன் காலமானார்.

ஆடு மேய்க்கும் எழுத்தாளர்

அந்த ஆண்டே பீட்ரிக்ஸ் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொண்டு, இங்கிலாந்தின் வடமேற்கே உள்ள ஏரிப் பிரதேசத்தில் ஒரு பண்ணையை வாங்கினார். சோரே என்ற கிராமத்தில் உள்ள ஹில் டாப் பண்ணை அது. பெற்றோரை விட்டு முழுவதும் வர முடியவில்லை. கிடைத்த நாட்களில் ஓடி வருவார். பன்றி, கோழி, ஆடு, மாடு எல்லாம் வளர்த்தார். அவையும் கதைகளில் புகுந்தன.

நிலம் வாங்கும்போது உதவிய வக்கீல் வில்லியம் ஹீலிஸ். 1913-ம் ஆண்டு அக்டோபர் 15-ந்தேதி அவரை மணந்தார். மணமகளுக்கு வயது 47. இதற்கும் பெற்றோர் தடை சொன்னார்கள். அதன்பின் ஊரார் அவரைத் திருமதி ஹீலிஸ் என்றே அழைத்தார்கள்.

பிறகு புத்தகம் குறைந்தது, ஆடு பெருகியது. அங்கே ஹெர்ட்விக் என்று ஒரு ஆட்டு இனம் உண்டு. கடுங்குளிரிலும் மலை உச்சியில் மேயும். வேலி கிடையாது. எதுவரை தன் மேய்ச்சல் நிலம் என்பதைக் குட்டி தன் தாயோடு மேய்ந்தே கற்றுக்கொள்ளும். மந்தையை விற்று வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் அந்த அறிவு அற்றுப்போகும். அதனால் பண்ணை கைமாறினாலும் மந்தை மலையோடு இருக்க வேண்டும். பீட்ரிக்ஸ் இதைப் புரிந்துகொண்டு, மந்தையோடு சேர்த்தே பண்ணைகளை வாங்கினார். கண்காட்சிகளில் அவருடைய ஆடுகள் பரிசு வாங்கின.

அந்த ஆட்டு மயிரால் நெய்த முரட்டுத் துணிதான் உடை. காலில் கட்டைச் செருப்பு. மழை வந்தால் தோளில் ஒரு சாக்கு. ஒரு நாள் மழையில் எதிரே வந்த நாடோடி ஒருவன், அவரையும் தன்னைப் போன்ற வழிப்போக்கர் என்று நினைத்து அனுதாபப்பட்டானாம்.

சாரணச் சிறுமிகள் அவருடைய நிலத்தில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். நகரத்துப் பிள்ளைகள் காடு மேடு ஏறி, ஆட்டையும் பறவையையும் நேரில் பார்ப்பதில் அவருக்குச் சந்தோஷம். ஒரு பிறந்தநாளன்று அந்தச் சிறுமிகள் அவருடைய கதைப் பிராணிகளைப் போல் வேஷம் போட்டுக்கொண்டு வந்து வாழ்த்தினார்கள்.

பிராணிகள் இருக்க வேண்டுமானால் அவை வாழும் இடம் இருக்க வேண்டும். ஏரிப் பிரதேசத்து நிலங்களைக் கூறுபோட்டு வீடு கட்டி விற்கப் பலர் காத்திருந்தார்கள். புத்தகத்தில் வந்த பணத்தையும், குடும்பச் சொத்தில் வந்ததையும் கொண்டு பீட்ரிக்ஸ் முந்திக்கொண்டு வாங்கினார். இயற்கை அழகுள்ள இடங்களைப் பாதுகாக்க 1895-ல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தின் ஸ்தாபகர்களில் ஒருவரான ரான்ஸ்லி பாதிரியார், அவருடைய இளமைக் கால நண்பர்.

1943-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி பீட்ரிக்ஸ் காலமானார். கணவர் 1945-ல் இறந்தார். 4 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும், பண்ணைகளும் வீடுகளும் மந்தைகளும் நேஷனல் டிரஸ்டுக்குச் சேர்ந்தன. மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆட்டையே வளர்க்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார்.

ஹில் டாப் வீடு 1946-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்றும் தகப்பனும் தாயும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பெர்ட்ரம் செய்ததுபோல் இன்று பிரிட்டனில் ஒரு பையன் வௌவாலைப் பிடித்து வீட்டில் வைத்திருந்தால் குற்றம். 1981-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. அமெரிக்காவிலிருந்து 1876 முதல் கொண்டுவந்து விடப்பட்ட சாம்பல் நிற அணில், அங்கேயே பிறந்த செந்நிற அணிலைப் பெரும்பாலான இடங்களிலிருந்து விரட்டிவிட்டது. ஏரிப் பிரதேசத்தில் அது இன்னும் மிஞ்சியிருக்கிறது.

பீட்ரிக்சுக்குக் கல்லறை இல்லை. அவர் விருப்பப்படி, பண்ணையில் ஆடு பார்த்த டாம் ஸ்டோரி அவருடைய சாம்பலை எடுத்துப்போய்ச் சோரே கிராமத்துக்கு மேலே மலைப்பக்கம் தூவினார். எந்த இடம் என்று அவர் ஊராருக்குச் சொல்லவில்லை.